வண்டி வழுக்கியதாகச் சொன்னேன்

எங்கள் பக்கத்தில் கம்பெனி வேனைத் தவறவிட்டவர்கள் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதில்லை. வீட்டில் பைக் ஓட்டுகிற ஆளை அவசரப்படுத்தி, பின்னால் ஏறிக்கொண்டு, வேனைத் துரத்துவோம். எட்டிப் பிடித்தால் மட்டும் போதாது. அதை முந்திப் போய், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கையைக் காட்ட வேண்டும். வேன் நின்றதும் உள்ளே இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். "இன்னாக்கா, இன்னிக்கும் ரேஸா?" என்று ஒருத்தி கேட்பாள். நாமும் சிரித்துக்கொண்டே டிபன் பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவோம். பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில் காலை நேரத்தில் சாலையோரம் நின்றால் இந்தக் கூத்தைத் தினமும் பார்க்கலாம். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

நான் ஃபினிஷிங் செக்ஷனில் செக்கர். முடிந்து வருகிற ஷூவைக் கையில் எடுத்து, தையல் விட்ட இடம், பசை வழிந்த இடம், தோலில் தழும்பு இருக்கிற இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். லைனில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. நான் வருவதைப் பார்த்தால், "லென்ஸ் வருது" என்பார்கள். வீட்டில்கூட என் வீட்டுக்காரர் தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டு, "இத பாஸ் பண்ணிட்டியா, சாப்டலாமா?" என்று கேலி செய்வார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட நான்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பொய்யைச் சொல்லி, அதை எழுத வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தது. நான்கு குடம் பிடித்துவிட்டு ஓடினால் வேன் போய்விட்டிருந்தது. வீட்டுக்காரர் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை. சுழல்கிற ட்ரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போட்டு, தோளில் தூக்கிப்போய் அடுக்க வேண்டும். அவருடைய ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே பைக்கை எடுத்தார்.

மாதனூர் வருவதற்கு முன்னால் வேனைப் பிடித்து முந்திவிட்டோம். முந்தும்போது ஜன்னலோரம் இருந்த பெண்கள் கையசைத்தார்கள். அடுத்த நிறுத்தம் பக்கத்தில்தான் இருந்தது. அவர் இண்டிகேட்டர் போட்டு, இடது பக்கம் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்தார். நான் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினேன். வேன் குறையாமல் வந்தது. டிரைவரின் தலை குனிந்திருந்ததைப் பார்த்தேன். அடுத்த நொடி நான் மண்ணில் கிடந்தேன். பைக் அவருடைய வலது கால்மேல் கிடந்தது.

வேனில் இருந்தவர்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒருத்தி போனை எடுத்தாள், வேனிலேயே கொண்டுபோனால் சீக்கிரம் என்று இன்னொருத்தி சொன்னாள். சீட்டுகளுக்கு நடுவில், தரையில் அவரைக் கிடத்தினார்கள். என் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். வேனை ஓட்டியவன் எங்கள் பின்தெரு. கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். என்னை அக்கா என்பான், அவரை மாமா என்பான். திரும்பிக்கூடப் பார்க்காமல் வேகமாக ஓட்டினான்.

பேசியது மற்றவர்கள். கேஸ் என்று போனால் வேனை ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள், அது மாதக் கடைசி வாரம், அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும், இவனுக்கும் வேலை போய்விடும் என்று ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். தப்பாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார்கள். நான் ஒருவேளை மறுத்திருப்பேன். ஆனால் கீழே கிடந்தவரே என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"நம்ம வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சி போச்சி. கேஸ் ஆச்சின்னா நமக்குத்தான் பேஜாரு. வழுக்கிடுச்சின்னு சொல்லிடு."

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். வண்டி வழுக்கிவிட்டது என்றேன். சொன்னது போதாது என்று பட்டதோ என்னவோ, ரோட்டில் ஜல்லி கொட்டியிருந்தது என்றும் சேர்த்துச் சொன்னேன். ஜல்லியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அது முழுக்க என் கைச்சரக்கு. டாக்டர் எழுதிக்கொண்டார். கூட்டிவந்தது யார் என்ற இடத்தில் வேன் டிரைவரின் பெயரை எழுதினார்கள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வேன் கிளம்பிப் போனது. அன்றைக்கு அத்தனை பேருக்கும் அட்டெண்டன்ஸ் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காலில் சின்ன முறிவு, மாவுக்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பித்தான் அத்தனையும் சொன்னேன். முட்டிக்குக் கீழே எலும்பு இரண்டு மூன்றாகப் பிளந்திருப்பது படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. வேலூருக்குக் கொண்டுபோய் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து டாக்டர் காலை மடக்கச் சொன்னார். பாதிக்குமேல் மடங்கவில்லை. இனிமேல் இவ்வளவுதான், பாரம் தூக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது என்றார். ஈரத்தோலைத் தூக்காமல், குந்தாமல் டேனரியில் என்ன வேலை இருக்கிறது? அவருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயது மனுஷன் கக்கூஸுக்குப் போவதற்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை நான் தூக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வருவார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதிலும் பாதி என்மேலேயே.

கூட வேலை செய்கிறவள் ஒருத்தி தனக்குத் தெரிந்த வக்கீலிடம் அனுப்பினாள். வேலூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே அவருடைய அறை. வயதானவர், பொறுமையாகக் கேட்டார். நான் முதலில் கேட்டதே, எங்கள் பைக்குக்கு இன்சூரன்ஸ் இல்லையே, நாங்கள் வாயைத் திறக்க முடியுமா என்றுதான். அதற்கு அபராதம் போட்டால் தனியாகக் கட்ட வேண்டியதுதான், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். இடித்த வேனுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தது. அப்படியானால் நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனிதான் தரும், டிரைவர் வீட்டு அண்டா குண்டாவை யாரும் தூக்கிப்போகப் போவதில்லை, ரோட்டில் அடிபடுகிறவர்களுக்காகத்தான் அந்த பாலிசியையே கட்டாயமாக்கி வைத்திருக்கிறார்கள் என்றார்.

கேஸ் என்றால் அந்த டிரைவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாமல் ஜெயிலுக்குப் போவான் என்றுதான் வேனில் இருந்த எல்லோரும் நினைத்திருந்தோம். எங்கள் தெருவில் இப்போது கேட்டாலும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

வக்கீல் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஜல்லியில வழுக்கி தானா விழுந்ததா எழுதியிருக்காங்களேம்மா. யார் சொன்னது?"

"நான்தான் சார்."

"மத்தது எல்லாம் சமாளிக்கலாம். இத சமாளிக்கறதுதான் கஷ்டம். நீங்களே உங்களுக்கு எதிர் சாட்சி." ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும், இரண்டரை மாதம் போய்விட்டது, முதலில் போலீஸில் எஃப்.ஐ.ஆர். வாங்கிவா என்றார். முடியுமா என்று நான் கேட்கவில்லை. எந்த ஸ்டேஷன் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஸ்டேஷனில் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் சிரித்தார்கள். எண்பது நாள் கழித்து வந்து வேன் இடித்தது என்கிறாய், அன்றைக்கு ஏன் ஜல்லி என்றாய் என்று கேட்டார் ரைட்டர். நியாயமான கேள்விதான். நானே செக்கராக இருந்தாலும் அந்தப் பீஸைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள். மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அரைநாள் லீவு. நான்காவது தடவை ஸ்டேஷனுக்குப் போகவில்லை, எஸ்.பி. ஆபீஸில் மனு வாங்குகிற நாளில் வரிசையில் நின்றேன். அன்றைக்குப் பொய் சொன்னேன், இந்தக் காரணத்தால் சொன்னேன், உண்மை இதுதான் என்று நானே என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். அதை வாங்கிய அதிகாரி இரண்டு தடவை படித்தார். பத்து நாளில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் தெரு எனக்கு எதிராகத் திரும்பியது. டிரைவரை விசாரணைக்குக் கூப்பிட்டபோது, ரோட்டில் விழுந்து கிடந்தார்கள், பாவம் என்று தூக்கிப்போய்ச் சேர்த்தேன், வேறொன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறான். வேனைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கிற ஓனர் சொல்லிக்கொடுத்தபடி சொன்னான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் அழைத்துவந்தவர் என்று அவன் பெயர்தானே இருக்கிறது? தூக்கிப்போனது பொய்யில்லையே. உதவி செய்தவன்மேலேயே கேஸ் போட்டாளே என்று குழாயடியில் என் காதுபடப் பேசினார்கள். மளிகைக் கடைக்காரர் சில்லறையைக் கையில் தராமல் மேஜைமேல் வைத்தார். கேஸ் இருக்கிற டிரைவர் வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட, அவன் வேனைவிட்டு இறங்கி லோடு ஆட்டோ ஓட்டப் போனான். அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்தது. விழட்டும் என்று இருந்தேன். அவன் பெண்டாட்டி எதிரே வந்தால் மட்டும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு வேனில் பதினேழு பெண்கள் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியாகப் போய்க் கேட்டேன். போலீஸ் வந்து கேட்டால் பார்த்ததைச் சொல்லுங்கள், ஜாஸ்தியும் வேண்டாம், கம்மியும் வேண்டாம் என்றேன். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் அக்கா என்றாள் முதலில் கேட்டவள். அடுத்தவளும் தூங்கிக்கொண்டிருந்தாளாம். பதினேழு பேரும் ஒரே நேரத்தில் தூங்கிய வேன் அது. முந்தும்போது எனக்குக் கையசைத்தவர்கள் தூக்கத்தில்தான் அசைத்திருக்க வேண்டும். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் ரொம்ப நாள் இருந்தது. பிறகு யோசித்தால், அவர்களுக்காகத்தானே நானும் அன்றைக்கு வாயை மூடினேன், இப்போது அவர்கள் தங்களுக்காக மூடுகிறார்கள் என்று பட்டது. பட்டதே தவிர கோபம் குறையவில்லை.

ஆள் இல்லாவிட்டால் போகட்டும், வண்டி இருக்கிறதே என்று தோன்றியது. எங்கள் பைக் பள்ளிகொண்டாவில் மெக்கானிக் கடையின் ஓரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. ரிப்பேர் பார்க்க எங்களிடம் வசதியில்லை, அதனால் அவரும் தொடவில்லை. இடத்தை அடைக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். நான் தார்ப்பாயை எடுத்துவிட்டு ஒரு மணிநேரம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வழுக்கி விழுந்த வண்டி எப்படி இருக்கும்? பக்கவாட்டில் தேய்ந்திருக்கும், ஃபுட்ரெஸ்ட் மடங்கியிருக்கும், ஹேண்டில் முனை அரைபட்டிருக்கும். இந்த வண்டியில் வலது பக்கம் சின்னக் கீறல்தான் இருந்தது. பின்னால் லைட் உள்ளே போய், நம்பர் பிளேட் சக்கரத்தைப் பார்த்து மடிந்து, சீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பி வளைந்திருந்தது. மட்கார்டில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. எங்கள் வண்டி கறுப்பு. வேன் வெள்ளை.

"அண்ணே, இதுமேல துணி வச்சிகூட தொடைக்காதீங்க" என்றேன் மெக்கானிக்கிடம். நாலு மாசமாகத் துடைக்கவில்லை, இனிமேலா துடைக்கப் போகிறேன் என்றார். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்தார். பின்னாலிருந்து மோதியதால் ஏற்பட்ட சேதம் என்று எழுதிக்கொடுத்தார். எங்கள் பக்கம் பேசிய முதல் காகிதம் அதுதான். வக்கீல் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பரவாயில்லையே என்றார். ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மனுவைப் போட்டோம்.

சாட்சி சொல்லும் நாள் நெருங்கியபோது வக்கீல் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார். வேனைத் துரத்தினோம், முந்தினோம், முன்னால் போய் நிறுத்தினோம் என்பதைச் சொல்லக் கூடாது. இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம், பின்னால் வந்து இடித்தான், அவ்வளவு போதும். முந்தியதைச் சொன்னால் உங்கள்மேலும் தப்பு இருக்கிறது என்று ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள் என்றார். வேண்டுமென்றே தப்பு செய்யச் சொல்கிறவர் இல்லை அவர். எங்களுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது வீட்டுக்காரர், "வக்கீல் சொல்றத கேளு. உன் லென்ஸ கோர்ட்டுக்கு கொண்டாராத" என்றார். காலை நீட்ட இடமில்லாமல் நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏறுகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். எனக்கு அவர் சொன்னதை மறுக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அது அவருடைய கால், என்னுடையதில்லை. ஆனாலும் மறுத்தேன். ஒரு பொய் சொல்லிவிட்டு எட்டு மாதமாக நாயாக அலைகிறேன், இன்னொன்றைச் சுமக்க என்னால் ஆகாது என்றேன். எங்கள் கம்பெனியில் தழும்பைப் பாலீஷால் மறைத்துப் பெட்டியில் போட்ட ஜோடிகள் உண்டு. கப்பலில் போய், அங்கே பார்க்கிறவன் கண்டுபிடித்து, மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறான். அதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விரிஞ்சிபுரம் தாண்டிய பிறகு, "சரி, உனக்கு தோணுனத சொல்லு. நீ சொல்லாம இருக்க மாட்ட" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக அந்த இடத்துக்குப் போனேன். எங்கே முந்தினோம், எங்கே நிறுத்தினோம் என்று சாலையோரம் நடந்து பார்த்தேன். நடுவில் மூன்று கரண்ட் கம்பங்கள் இருந்தன. இரண்டு தடவை நடந்து எண்ணினேன்.

கோர்ட்டில் முதலில் அவரை விசாரித்தார்கள். பின்னால் என்ன வந்தது என்று பார்க்கவில்லை, இடிபட்டது தெரியும் என்றார். அடுத்தது நான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வந்த வக்கீல் சின்ன வயது, ரொம்ப மரியாதையாகப் பேசினார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, இது நீங்கள் சொன்னதுதானே, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது அங்கே ஜல்லி இருந்ததா என்றார். இல்லை, அது நானே சேர்த்தது என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அப்ப இன்னிக்கும் எதையாவது சேர்த்துச் சொல்லலாம், இல்லையா?"

"இன்னிக்கு எதையும் சேக்கல சார். மனுவுல வுட்டுப்போன ஒண்ண சொல்றேன், எழுதிக்கோங்க. நாங்க அந்த வேனை தொரத்திக்கினு போனோம். முந்திட்டு, அதுல நான் ஏறணும்னு முன்னாடி போய் நிறுத்தினோம்."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி நிமிர்ந்து, எவ்வளவு தூரம் முன்னால் நிறுத்தினீர்கள் என்று அவரே கேட்டார். முந்தின இடத்திலிருந்து மூன்று கரண்ட் கம்பம் தள்ளி, இண்டிகேட்டர் போட்டு, நான் கையும் காட்டினேன் என்றேன். முதலில் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். பதினேழு பேருடைய ஒரு நாள் அட்டெண்டன்ஸுக்காகச் சொன்னேன், எங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்ற பயத்தில் சொன்னேன், ஓட்டினவன் எங்கள் தெரு என்பதால் சொன்னேன், கால் இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்றேன். கூண்டைவிட்டு இறங்கும்போது வாசலில் அந்த டிரைவர் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். இன்சூரன்ஸ் பக்கத்துச் சாட்சியாக அவனை வரச் சொல்லியிருந்தார்கள். நேரமாகிவிட்டது என்று அவனை அடுத்த வாய்தாவுக்கு வரச் சொன்னார்கள். அவன் என்னைப் பார்க்காமல் போனான்.

அடுத்த வாய்தாவுக்கு நான் எந்த நம்பிக்கையும் இல்லாமல்தான் போனேன். அவன் கூண்டில் ஏறினான். கீழே விழுந்து கிடந்தவர்களைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தது நீங்கள்தானே என்று அந்தச் சின்ன வக்கீல் கேட்டார். ஆமாம் என்றான். உங்கள் வேன் அவர்கள் வண்டியில் மோதவில்லை, சரிதானே என்றார்.

"மோதுச்சி சார். நான்தான் இடிச்சேன். அக்கா கை காட்டுனத பாத்தேன். நிறுத்திடலாம்னு நெனச்சிக்கினே போன்ல டைம் பாத்தேன். நிமிர்றதுக்குள்ள இடிச்சிட்டேன்."

வேன் ஓனர் பின்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனார்.

தீர்ப்பு வர இன்னும் ஐந்து மாதம் ஆனது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம்தான் வந்தது. வக்கீல் பயந்த மாதிரியே, முன்னால் போய் நிறுத்தியதற்காக ஒரு பங்கைக் கழித்தார்கள். கழித்தது சரிதான் என்று நான் சொன்னபோது வக்கீல், இப்படிப் பேசுகிற கட்சிக்காரியை நான் பார்த்ததில்லை என்றார். மீதியில் வீட்டுக்காரர் உட்கார்ந்தே பார்க்கிற மாதிரி ஒரு கடை வைத்திருக்கிறார், தையல் நூல், பசை, ஊசி எல்லாம் விற்கிறார். ஆனால் அந்த வழக்கு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தீர்ப்பு வந்த நாள் இல்லை.

அவன் சாட்சி சொல்லி முடித்த மதியம், கோர்ட்டுக்கு வெளியே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் அவன் தனியாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் அவனிடம் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"தேங்க்ஸ்லாம் சொல்லாதக்கா. உம்மேல எனக்கு கோவம்."

கேஸ் போட்டதற்கா என்று கேட்டேன்.

"கேஸுக்கு இல்ல. அன்னிக்கு ஆஸ்பத்திரில என்னை காப்பாத்துன பாரு, அதுக்கு. அன்னிக்கே நீ சொல்லியிருந்தா நான் அன்னிக்கே ஒத்துக்கினு ஃபைன் கட்டியிருப்பேன், மாமா கால புடிச்சி அழுதிருப்பேன். நீ சொல்லல, எனக்கும் வாய் வரல. அப்பறம் தெருவே என்னை நல்லவன், தூக்கினு போயி சேத்தவன்னுது. எம் பொண்டாட்டியே அப்டித்தான் நெனச்சா. மாமா கால இழுத்துக்கினு போறத பாத்துட்டு வந்து, அந்த பேச்ச கேட்டுக்கினு உக்காந்து சோறு துன்னிருக்கேன்க்கா. ஒரு வருஷமா."

அவன் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனைக் காப்பாற்றினேன் என்பதுதான் அந்தப் பொய்யில் எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதல். ஸ்டேஷன் வாசலில் நின்றபோதும், குழாயடியில் பேச்சு வாங்கியபோதும், நல்லது நினைத்துத்தானே சொன்னேன் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்தேன். அவனுக்கும் அது நல்லதாக இருக்கவில்லை.

"மன்னிச்சிடுப்பா" என்றேன்.

பெஞ்சிலிருந்து என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இடிபட்டவர்கள் நாங்கள், நான் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டதை அவரால் ரொம்ப நாள் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் சண்டை வரும். நான் விட்டுக்கொடுப்பதில்லை. அவனிடம் கேட்க வேண்டியிருந்தது, கேட்டேன்.